ஊத்தங்கரைக்கு 40 டன் வானில் வர வேண்டுமானால்: ராணுவ சரக்கு விமானமும் ஏர்லிஃப்டும், முழுமையான வழிகாட்டி

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையேறிய கையோடு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அரூரில் 33 சென்டிமீட்டர். ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தோடு போன வீடியோவைப் பார்க்காதவர் கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் இருக்க மாட்டார். "ரோடு போனா என்ன, ஃபிளைட்ல கொண்டு வந்து போட வேண்டியதுதானே?" என்ற பேச்சு இப்படிப்பட்ட நேரத்தில் டீக்கடைக்கு டீக்கடை கிளம்பும். நியாயமான கேள்விதான். அந்த "கொண்டு வந்து போடுவது" எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். ஊத்தங்கரையைச் சுற்றி 2,000 குடும்பங்கள் துண்டிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், பிஸ்கட், போர்வை எல்லாம் சேர்த்து 20 கிலோ. மொத்தம் 40 டன். இது நம் பயிற்சிக்கான எண், அரசு எண் அல்ல. இதை டெல்லிப் பக்கமிருந்து விமானப்படை கொண்டுவர வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பறக்கிற நேரம் இதில் சின்னப் பங்குதான். ஏர்லிஃப்ட், அதாவது விமானத்தில் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, நன்றாக நடக்கிறதா, சொதப்புகிறதா என்பது எடை போடும் இடத்திலும், கட்டும் இடத்திலும், இறக்கும் இடத்திலும்தான் முடிவாகிறது. அதனால் இந்த வழிகாட்டியும் பெரும்பாலும் தரையில்தான் நிற்கும்.

படி 1: விமானத்தின் உறுப்புகளைச் சரக்கின் கண்ணால் பாருங்கள்

பயணிகள் விமானத்தில் இறக்கை உடலின் அடிப்பகுதியில் இருக்கும். ராணுவ சரக்கு விமானத்தில் அது முதுகின் மேல். காரணம் சரக்குதான். இறக்கையைத் தாங்கும் உத்தரம் உடலின் மேற்பகுதியில் போய்விடுவதால் உள்ளே தளம் தடையில்லாமல் நீளமாகக் கிடைக்கிறது. உடலும் தரையை ஒட்டித் தாழ்ந்து உட்கார முடிகிறது. சி-130ஜே விமானத்தின் சரக்குத் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இன்ஜின்களும் உயரே போய்விடுவதால் மண் ஓடுதளத்துக் கல்லும் தூசியும் உள்ளே இழுபடும் வாய்ப்பு குறைகிறது. ஏஎன்-32-ல் இன்ஜின் இறக்கைக்கும் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் பெரிய புரொபெல்லர் தரையில் தட்டாமல் சுற்ற வேறு வழியில்லை.

வால் பக்கம் உடல் மேல்நோக்கி வளைந்து போகும். அதன் அடியில்தான் பின்கதவு, அதாவது ராம்ப். தரைவரை இறக்கினால் ஜீப் நேராக ஓடி ஏறும். பாதியில் கிடைமட்டமாக நிறுத்தினால் லாரியின் பின்பக்கத்தோடு சேர்த்துச் சரக்கை அப்படியே தள்ளலாம். ஏஎன்-32-ன் ராம்ப் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் சறுக்கிப் போய் ஒளிந்துகொள்ளும். லாரியை ரிவர்ஸ் எடுத்து வாசலில் முட்ட நிறுத்திவிடலாம். எனக்குத் தெரிந்து அந்தப் பழைய விமானத்தின் மிக புத்திசாலித்தனமான உறுப்பு அதுதான்.

சக்கரங்களை எண்ணிப் பாருங்கள். சி-17-க்கு மொத்தம் 14. முழுப் பாரத்தோடு 265 டன் வரை கிளம்பும் விமானம் அது. எடையைப் பரப்பிக் கொடுக்காவிட்டால் ஓடுதளம் பிளந்துவிடும். அந்தச் சக்கரங்கள் மடங்கி உட்காரும் இடம் உடலின் இரு பக்கமும் புடைத்துத் தெரியும். உள்ளே சரக்கு அறையின் அகலத்தில் ஓர் அங்குலம்கூடக் குறையக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் புடைப்பு.

சி-17-ன் இன்ஜின் காற்று இறக்கைக்குப் பின்னால் தொங்கும் மடிப்புகளின் மேல் நேராக அடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அதனால் மெதுவாக வந்தாலும் தூக்குவிசை குறையாது. சுமார் 3,500 அடி ஓடுதளத்தில் இறங்கி நிற்கும். நிற்பதற்காக இன்ஜின் காற்றை எதிர்ப்பக்கம் திருப்பினால் அது மேல்நோக்கியும் முன்நோக்கியும்தான் பீய்ச்சும், தரையில் தூசி கிளப்பாது. விமானம் தானாகவே பின்னுக்கு நகரவும் முடியும். திரும்ப இடமில்லாத சிறு விமானநிலையத்தில் இது பெரிய வரம்.

கடைசியாக உள்ளே தரையைப் பாருங்கள். உருளைகள், இரு பக்கமும் தண்டவாளம் போன்ற வழித்தடம், அதில் பேலட்டை, அதாவது சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டையான பலகையை, கவ்வும் பூட்டுகள், தரையெங்கும் பதித்த கட்டு வளையங்கள், சுமை இழுக்கும் வின்ச். ஐஎல்-76-ல் கூடுதலாக உட்கூரையிலேயே ஓடும் பளுதூக்கிகள் உண்டு, கிரேன் இல்லாத ஊரிலும் இறக்கிவிடலாம். இந்தத் தரைதான் சரக்கு ஏற்றிக் கட்டுவதற்குப் பொறுப்பான லோடுமாஸ்டரின் ராஜ்ஜியம். விமானிக்குச் சமமான பொறுப்பு அவருக்கு. ஏற்றியது சரியில்லை என்று அவர் சொன்னால் விமானம் கிளம்பாது.

படி 2: விமானத்தையும் ஓடுதளத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

நம் விமானப்படையிடம் இருப்பவை இவை. சி-17, 11 விமானங்கள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் சுமார் 77 டன். ஐஎல்-76, சுமார் 45 டன், 1985 முதல் சேவையில். சி-130ஜே, சுமார் 20 டன். சி-295, சுமார் 9 டன், முதல் விமானம் 2023-ல் வந்தது; 56-க்கு ஆர்டர், அதில் 40 வடோதராவில் கட்டப்படுபவை. ஏஎன்-32, ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவு.

40 டன்னுக்கு ஒரே ஒரு சி-17 நடை போதும். ஆனால் அது எங்கே இறங்கும்? தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பயணிகள் விமானநிலையம் இல்லை. ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸின் தனியார் ஓடுதளம் உண்டு, நீளம் சுமார் 7,000 அடி. தெற்கே காமலாபுரத்தில் சேலம் விமானநிலையம், சுமார் 1,800 மீட்டர். வடக்கே பெங்களூரில் எலகங்கா விமானப்படைத் தளம்.

காகிதத்தில் பார்த்தால் மூன்றுமே சி-17-க்கு நீளம் போதும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சேலத்துக்கு வந்துபோகும் ஏடிஆர்-72 முழுப் பாரத்தோடு சுமார் 23 டன். அந்த எடைக்கான தளத்தில் அதைப்போல் பல மடங்கு எடையை இறக்க முடியுமா, நிறுத்துமிடத்தில் 50 மீட்டர் இறக்கையோடு திரும்ப இடம் உண்டா என்பதை நீளம் சொல்லாது. ஓசூரில் இன்னொரு சிக்கல். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரம். காற்று அடர்த்தி குறைவு, கிளம்ப ஓட வேண்டிய தூரம் கூடும். வெயில் ஏற ஏற இன்னும் கூடும்.

ஆகவே நடைமுறைத் திட்டம் இப்படித்தான் அமையும். சி-17 எலகங்காவில் இறங்கும். அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 வழியே லாரி, ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரிவரை. அதற்கு மேல் சாலை அறுந்த தூரத்துக்கு மட்டும் ஹெலிகாப்டர். எம்ஐ-17 ஒரு நடைக்கு அதிகபட்சம் சுமார் 4 டன். 40 டன்னுக்குக் குறைந்தது 10 நடை, எரிபொருளையும் மழைக்கால மேகத்தையும் சேர்த்தால் அதற்கும் மேல். விமானம் முதல் நீண்ட தாண்டலைத் தாண்டும், மீதியைச் சின்ன வண்டிகள் பங்கு போட்டுக்கொள்ளும். 2015 டிசம்பரில் சென்னை விமானநிலையமே தண்ணீரில் நின்றபோது அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளம்தான் வாசலாக இருந்தது. அங்கிருந்து ஊருக்குள் சரக்கு சாலை வழியேதான் போயிற்று.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்: நெடுஞ்சாலை 44 திறந்திருக்கும்வரை நம் மாவட்டங்களுக்கு அரிசி கொண்டுவர விமானம் வீண். பெங்களூரிலிருந்து நாலு டாரஸ் லாரி சில மணி நேரத்தில் வந்து சேரும். வானில் வர வேண்டியவை வேறு. மீட்புப் படை, ரப்பர் படகு, பெரிய பம்ப், மருத்துவக் கருவி.

படி 3: பட்டியலிலிருந்து தண்ணீரை எடுத்துவிடுங்கள்

நிவாரணம் என்றதும் எல்லோரும் முதலில் கட்டுவது தண்ணீர் பாட்டில். 10,000 பேருக்குத் தலா 3 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 30 டன். நம் மொத்தச் சரக்கில் முக்கால் பங்கு, அதுவும் ஒரு நாளில் தீர்ந்துபோகும். அதற்குப் பதில் சுத்திகரிக்கும் கருவியும் குளோரின் மாத்திரையும் ஏற்றினால் எடை டன் கணக்கிலிருந்து கிலோ கணக்குக்கு இறங்கும். முதல் நாளுக்கு மட்டும் கொஞ்சம் பாட்டில் போதும்.

இதே மாதிரி யோசனை 2021 ஏப்ரலில் நாடு முழுக்க நடந்தது. கொரோனா இரண்டாம் அலையில் விமானப்படை ஏற்றிச் சென்றது காலி ஆக்சிஜன் டேங்கர்களை. நிரப்பிய டேங்கர்கள் ரயிலிலும் சாலையிலும் திரும்பின. திரவ ஆக்சிஜன் பறக்கும்போது ததும்பும், ஆவியாகும், தீப்பிடிக்கும் ஆபத்தை ஏற்படுத்தும். போகும் பயணத்தில் மிச்சமான நேரமே பெரிய லாபம். சிங்கப்பூரிலிருந்துகூட சி-17-ல் காலி கொள்கலன்கள் மேற்கு வங்கத்தின் பனாகர் விமானப்படைத் தளத்துக்கு வந்தன.

படி 4: பேலட் கட்டுங்கள்

சி-17, சி-130ஜே இரண்டிலும் ஓடுவது 463எல் வகை பேலட். 108 அங்குல நீளம், 88 அங்குல அகலம். உள்ளே பால்சா மரம், மேலும் கீழும் அலுமினியத் தகடு. மூட்டை வைக்கும் இடம் 104-க்கு 84 அங்குலம், ஓரத்தில் மிச்சம் விடுவது பூட்டு கவ்வுவதற்கு. விளிம்பில் 22 வளையங்கள். வலையோடு சேர்த்து 4,536 கிலோ வரை ஏற்றலாம். பேலட்டும் வலைகளும் மட்டும் 160 கிலோவைத் தாண்டும், ஆக நமக்குக் கிடைப்பது சுமார் 4,370 கிலோ.

கட்டும் முறை: முதலில் கீழே மூன்று கட்டைகளை வைத்து அதன்மேல் பேலட்டை உட்கார வையுங்கள். நேராகத் தரையில் வைத்தால் பிறகு ஃபோர்க்லிஃப்ட் கை நுழையாது, அடித்தகடும் கீறிப் போகும். கனமான மூட்டை அடியில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, செங்கல் கட்டுவதுபோல் மூட்டு மாற்றி அடுக்குங்கள். மேலே பிளாஸ்டிக் உறை, பிறகு பக்கவாட்டு வலை இரண்டு, மேல் வலை ஒன்று. கொக்கிகளை வளையத்தில் மாட்டி எதிரெதிர் பக்கமாக மாறி மாறி இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போனால் அடுக்கு சாயும். வலை மூட்டைக்குள் பதிந்து வரி வரியாகத் தெரிய வேண்டும்.

அரிசி மூட்டையை அடுக்கினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலேயே எடை வரம்பு வந்துவிடும். மேலே இடம் காலியாகக் கிடக்கும், ஆசைப்படக் கூடாது. போர்வையும் பிஸ்கட்டும் நேர்மாறு. எட்டு அடி உயரம் நிரம்பினாலும் பாதி எடைகூட வராது. அதனால் அரிசியின் மேல் போர்வை என்று கலந்து கட்டினால் எடையும் இடமும் ஒன்றாகத் தீரும். பிரித்துக் கொடுப்பவர்களுக்கும் அது வசதி, ஒவ்வொரு பேலட்டிலும் எல்லாப் பொருளும் இருக்கும். 40 டன்னுக்கு இந்தக் கணக்கில் 10 பேலட் வரும். சி-17-ல் 18 வரை நிற்கும். நீண்ட உடல் கொண்ட சி-130ஜே-30-ல் 8 பேலட்டுக்கு இடம் உண்டு, ஆனால் இந்த எடையில் நாலு ஏற்றியதுமே விமானத்தின் வரம்பு நெருங்கிவிடும். இடம் இருக்கிறதே என்று ஐந்தாவதைத் தள்ள முடியாது.

ஒவ்வொரு பேலட்டையும் எடை போட்டு, நான்கு பக்கமும் மார்க்கரில் எழுதுங்கள். "உத்தேசமா நாலு டன்" என்ற சொல் இங்கே செல்லாது.

படி 5: எடை எங்கே விழுகிறது என்று கணக்கிடுங்கள்

விமானத்துக்கு மொத்த எடை எவ்வளவு முக்கியமோ, அந்த எடை எந்த இடத்தில் குவிகிறது என்பதும் அவ்வளவு முக்கியம். ஈர்ப்பு மையம் அனுமதித்த எல்லைக்குப் பின்னால் போனால் மூக்கு தானாகத் தூக்கும், விமானியால் அடக்க முடியாமல் போகலாம்.

ஒரு சி-130ஜே-யில் நாலு பேலட் என்று வைப்போம். மூக்குப் பக்கம் ஒரு குறியிலிருந்து 8, 10.5, 13, 15.5 மீட்டரில் நாலு இடங்கள். எடைகள் முறையே 4, 3, 4.5, 2 டன். எடையைத் தூரத்தால் பெருக்குங்கள்: 32, 31.5, 58.5, 31. கூட்டினால் 153. மொத்த எடை 13.5 டன்னால் வகுத்தால் 11.33 மீட்டர். இதே பேலட்டுகளை 2, 3, 4, 4.5 என்று வரிசை மாற்றினால் கூட்டுத்தொகை 169.25, மையம் 12.54 மீட்டர். ஒரு கிலோகூடக் கூடவில்லை, சரக்கின் மையம் 1.2 மீட்டர் பின்னால் போய்விட்டது. விமானம் மொத்தம் 55 டன் என்றால் முழு விமானத்தின் மையம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நகரும். முப்பது சென்டிமீட்டர் கொஞ்சம்போலத் தெரியும். இந்த அளவு விமானத்துக்கு அனுமதித்த மொத்த இடைவெளியே சென்டிமீட்டரில் சொல்லக்கூடியதுதான்.

ஏற்றும் வரிசையையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். முதலில் வேண்டியது கடைசியாக ஏற வேண்டும். மருந்து பேலட் ராம்ப் பக்கம் இருக்கட்டும், ஆனால் மையக் கணக்கு ஒத்துக்கொண்டால் மட்டும்.

படி 6: பூட்டுங்கள், சங்கிலி போடுங்கள்

தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இறக்கத்தில் பிரேக் அடித்தால் லோடு கேபினை நோக்கி வரும், வளைவில் பக்கவாட்டில் சாயும். விமானத்தில் இதோடு மேல்நோக்கியும் ஒரு இழுப்பு உண்டு, காற்றுக் குழியில் விமானம் சட்டென்று இறங்கும்போது.

அதனால் கட்டுக்கு ஒரு நிலையான அளவுகோல்: முன்பக்கம் எடையின் 3 மடங்கு விசையைத் தாங்க வேண்டும், பின்பக்கமும் பக்கவாட்டிலும் 1.5 மடங்கு, மேல்நோக்கி 2 மடங்கு. பேலட்டுக்கு இந்த வேலையைத் தண்டவாளப் பூட்டுகளே செய்யும். சக்கரம் வைத்த சாமானுக்குச் சங்கிலிதான்.

3 டன் டீசல் பம்ப் டிரெய்லர் ஒன்று. முன்பக்கம் தாங்க வேண்டியது 9 டன். வழக்கமான சங்கிலி ஒன்றின் திறன் சுமார் 4.5 டன். ஆனால் சங்கிலி நேராக இழுப்பதில்லை, தரைக்கு 30 டிகிரி சாய்வு, பக்கவாட்டில் 30 டிகிரி. அந்தக் கோணத்தில் பலன் 75 சதவீதம், அதாவது 3.4 டன். 9-ஐ 3.4-ஆல் வகுத்தால் இரண்டரைக்கு மேல். மூன்று போதும் என்று கணக்கு சொல்லும், ஆனால் வலமும் இடமும் சமமாக வர வேண்டுமே, ஆகவே நாலு. எதிர்த்திசைக்கு வேறு ஜோடி. டயரில் காற்றைச் சரிபாருங்கள். பஞ்சராகி டயர் அமுங்கினால் சங்கிலி தளர்ந்துவிடும்.

2013 ஏப்ரல் 29-ல் ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து ஐந்து கவச வண்டிகளோடு கிளம்பிய 747 சரக்கு விமானம் ஓடுதள முனையிலேயே மூக்கு தூக்கி விழுந்தது. ஏழு பேரும் இறந்தார்கள். கட்டு போதாமல் ஒரு வண்டி பின்னால் நகர்ந்து, வால் பகுதியின் கட்டுப்பாட்டு உறுப்புகளையே உடைத்துவிட்டது என்று விசாரணை சொன்னது. அந்தக் கட்டின் தவறு தரையிலேயே நடந்து முடிந்திருந்தது.

படி 7: நடைகளின் தாளத்தைக் கெடுக்காதீர்கள்

சோவியத் படை சாலையையும் ரயிலையும் அடைத்த மேற்கு பெர்லினுக்கு, 1948 ஜூன் முதல் 1949 செப்டம்பர் வரை நடந்த பெர்லின் ஏர்லிஃப்ட் இன்றைக்கும் பாடம். சுமார் 2,78,000 நடைகள், சுமார் 23 லட்சம் டன், அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. தொடக்கத்தில் ஒரே குழப்பம். 1948 ஆகஸ்ட் 13 அன்று மழை மேகத்தில் விமானங்கள் பெர்லினுக்கு மேல் அடுக்கடுக்காகச் சுற்றி நின்று, விபத்துகளும் நடந்தன. பொறுப்பிலிருந்த ஜெனரல் வில்லியம் டன்னர் அதன் பிறகு போட்ட விதி: முதல் முயற்சியில் இறங்க முடியாவிட்டால் சரக்கோடு திரும்பிப் போ, இன்னொரு வட்டம் அடிக்காதே. விமானிகள் இறங்கி டீ குடிக்கப் போகக் கூடாது, டீ வண்டி விமானத்துக்கே வரும். ஒரு விமானம் தாமதித்தால் பின்னால் வரும் எல்லாமும் தாமதிக்கும் என்பதை அவர் சரியாகப் பிடித்தார். ஆறு பேலட்டை ஒரே தடவையில் தூக்கி விமான வாசலுக்கு நீட்டும் அமெரிக்க ஏற்றிக்கு இன்று அவர் பெயர்தான்.

நம் திட்டத்தில் இதன் பொருள் எளிது. விமானம் எலகங்காவில் நிற்கும் முன்பே பேலட் ஏற்றி இறக்கும் வண்டி, ஃபோர்க்லிஃப்ட், லாரி, லோடுமேன்கள் எல்லாம் தயாராக நிற்க வேண்டும். இறக்கும் கருவி ஒன்றே ஒன்றுதான் என்றால் இரண்டாவது விமானத்தை அனுப்பி என்ன பயன்?

படி 8: இறங்க இடமே இல்லாவிட்டால் பாராசூட்

சித்தேரி மலைபோல் ஓரிடம் முற்றிலும் துண்டிக்கப்பட்டு, ஹெலிகாப்டரும் கிடைக்கவில்லை என்றால்தான் இதை யோசிக்க வேண்டும். சரக்கை ஒரு டன் அளவுப் பொதிகளாக, ஒட்டுப்பலகையின் மேல், அடியில் தேன்கூடு மடிப்பு அட்டை அடுக்கி, பட்டைகளால் கட்டுவார்கள். சரியான இடத்தில் விமானம் மூக்கைச் சில டிகிரி தூக்கும், பொதியைப் பிடித்திருக்கும் பட்டையை அறுப்பார்கள், பொதிகள் உருளையில் தாமாகச் சறுக்கி ராம்பைத் தாண்டும். விமானத்தோடு இணைத்த கயிறு பாராசூட்டை இழுத்து விரிக்கும்.

விமானம் 140 நாட் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு 72 மீட்டர். ஒரு நொடி தாமதித்தால் பொதி அடுத்த வயலில். 600 அடியிலிருந்து நொடிக்கு எட்டரை மீட்டர் வேகத்தில் இறங்க 21 நொடிகளுக்கு மேல் ஆகும். நொடிக்கு 5 மீட்டர் காற்று அடித்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டு போகும். எட்டரை மீட்டர் வேகம் என்பது சுமார் 3.7 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், அட்டை அடுக்கு நசுங்கி அதை வாங்கிக்கொள்ளும். எண்ணெய் பாட்டில் தாங்குமா என்பது கட்டியவர் கையில். கனரகச் சரக்குக்கு, நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் ஆக்ரா ஆய்வகம் ஐஎல்-76-க்காக 7 டன் வரை போடும் அமைப்பை உருவாக்கியிருக்கிறது.

போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மின்கம்பி, ஏரி, தென்னந்தோப்பு, மாந்தோப்பு நான்கையும் தவிருங்கள். நம் பக்கம் இந்த நான்கும் இல்லாத அகலமான திடல் லேசில் கிடைக்காது. அறுவடை முடிந்த கேழ்வரகுக் காடுதான் தேட வேண்டும். முக்கியமாக, ஆட்கள் உள்ளே வராமல் காவல் வேண்டும். 2024 மார்ச்சில் காசாவில் பாராசூட் சரியாக விரியாத பொதிகள் விழுந்து, கீழே காத்திருந்தவர்களில் ஐந்து பேர் இறந்ததாகச் செய்தி வந்தது.

படி 9: இறக்கியபின்

பேலட்டைப் பிரிக்கும் இடம் ஓடுதளத்துக்கு வெளியே, மழை படாத கூரைக்குள், எலகங்காவிலிருந்து லாரி நேராக வந்து நிற்கும் மேட்டு நிலத்தில் இருக்கட்டும். ரேஷன் கடைப் பட்டியல்படி ஊர் ஊராகப் பிரித்து, ஹெலிகாப்டர் நடைக்கு ஏற்ற நாலு டன் குவியலாக அங்கேயே கட்டிவிடுங்கள். அடுத்த நடை எப்போது என்று தெரியாமல் மூட்டைகளைக் கலைத்துப் போட்டுவிட்டால், மறுபடி அடுக்குவதற்கே ஒரு பகல் போய்விடும்.

பேலட்டையும் வலையையும் யாரும் பந்தல் போடவோ வைக்கோல் மூடவோ எடுத்துப்போக விடாதீர்கள். ஒவ்வொரு பேலட்டுக்கும் மூன்று வலை, எண்ணிக் கட்டி, திரும்பும் லாரியில் முதலில் ஏற்றுங்கள். அவை எலகங்காவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த விமானத்துக்குச் சரக்குக் கட்ட முடியும்.